குருநகரில் ஒரு பயறளவு நண்டு

யாழ்ப்பாண விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த டயல் கேஜை வெளியே எடுத்தார். "இது என்ன, மணிக்கூடோ?" என்று கேட்டார்.

"மணி காட்டாதுங்க," என்றேன்.

"அப்ப என்னத்தைக் காட்டும்?"

"ஒரு சாமான் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு நகர்ந்தாலும் காட்டுமுங்க."

அவர் விரலால் தொட்டார். முள் துடித்தது. "அவ்வளவு சின்னனா நகருறதை அறிஞ்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நாலு பேர் பார்க்க எனக்குப் பேச வராது.

அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் கோயம்புத்தூரில் லேத் வேலை செய்பவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. பம்பு மோட்டாருக்கு உதிரி பாகம் கடைவதுதான் தொழில். சில வருடங்களுக்கு முன் பூச்சிகளைப் படமெடுக்கும் கல்லூரி வாத்தியார் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கேமராவைத் தலைமுடியின் கனத்திலும் குறைவான அளவில், ஒரே சீராக முன்னே நகர்த்தும் ஒரு தண்டவாளம் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

மிகச் சின்னப் பொருளை மிகப் பெரிதாகப் படமெடுத்தால், ஒரு மெல்லிய ஏடு மட்டும்தான் தெளிவாக விழும். எறும்பின் கண் தெளிந்தால் மீசை மங்கிவிடும். அதனால் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் தெளிந்திருக்கும் ஏட்டை மட்டும் பொறுக்கிக் கணினி ஒன்றாக அடுக்கும். அப்போது முழு எறும்பும் தெளிவாக வரும். அடுக்குவது கணினியின் வேலை. ஒரே அளவாக நகர்த்துவது திருகின் வேலை. அந்தத் திருகைக் கடைவது என் வேலை.

வாத்தியாரிடம் பார்த்துவிட்டு வேறு சிலரும் கேட்டார்கள். என் அக்கா மகன் இணையத்தில் போட்டான். அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் ஒன்றை வாங்கினார். நான்கு மாதத்தில் செய்தி வந்தது. "அண்ணை, படத்திலை பட்டை பட்டையா மங்கல் வருது. மூண்டு நண்டு வீணாப் போச்சு." அக்கா மகன் தொலைபேசியில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். சரியாகவில்லை. நான் செய்து அனுப்பியதில் ஒன்றுகூட அதுவரை குறை என்று திரும்பியதில்லை. திருகில் குறை என்றால் அது என் கையின் குறை. போனில் கேட்டு எனக்கு எதுவும் புரியாது, தொட்டால்தான் தெரியும். அதுவரை மதுரையைத் தாண்டாதவன் கடவுச்சீட்டு எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் விமான நிலையத்துக்கு வெளியே வந்தபோது ஜெசிந்தாவின் கணவர் ரெஜி தன் ஓட்டோவுடன் நின்றார். நம் ஊர் ஆட்டோ போலத்தான். ஆனால் உள்ளே மாதா படமும் பிளாஸ்டிக் பூவும் சின்ன மின்விசிறியும் வைத்து ஒரு வீட்டறை போல இருந்தது. ரெஜி விடாமல் பேசினார். எனக்கு அது வசதியாக இருந்தது.

பாதி வழியில் பின் சக்கரம் காற்று இறங்கியது. ரெஜி இறங்கி, மாற்றுச் சக்கரத்தை வெளியே இழுத்தார். ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உள்ளுக்கு ரியூப் இல்லை அண்ணை."

"எங்கீங்க போச்சு?"

"உங்கடை மிசினுக்குக் கீழை கிடக்கு."

வீடு தெருவோரம். லொறி போனால் மேசை நடுங்கும். மேசை நடுங்கினால் படம் கெடும். அதனால் ஜெசிந்தா மாற்றுச் சக்கரத்தின் ரியூபைக் கழற்றி, பாதிக் காற்றடித்து, அதன்மேல் ஒரு கான்கிரீட் பலகையை வைத்து, அந்தப் பலகையில் கேமராவை நிறுத்தியிருக்கிறாராம். நான் வெயிலில் நின்றபடி அதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெரிய தொழிற்சாலைகளில் அளவு பார்க்கும் மேசைக்கடியில் காற்றுப் பை வைப்பார்கள். அதை இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன ரெஜி, மனிசி ஓட்டோவையும் கழட்டிப் படம் பிடிச்சிட்டாளோ?"

"எஞ்சின் இன்னும் மிச்சமிருக்கு அண்ணை," என்றார் ரெஜி.

ஒட்டுப் போட்டுக் குருநகர் சேர மாலையாகிவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் கடல். அலையே இல்லை. எங்கள் ஊர்க் குளம் போலப் படுத்துக்கிடந்தது. படகுகள், வலைகள், ஐஸ் பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் மீன் வாசம். வீட்டில் நான்கு பேருக்கு இடம். ரெஜியும் ஜெசிந்தாவும், ரெஜியின் அப்பா சவிரிமுத்து, இப்போது நான். ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கலியாணப் படங்களைக் கணினியில் திருத்தும் வேலை. சவிரிமுத்து எழுபதைத் தாண்டியவர். இப்போது கடலுக்குப் போவதில்லை.  என் கைகளை மட்டும் பார்த்தார். இரும்புத்தூள் ஏறிய கறுப்பு நாற்பது வருடமாகப் போகாத கை. அவர் கையில் கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன.

இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்தார்கள். சொதியை நான் ரசம் என்று நினைத்துக் கடைசிக்கு வைத்திருந்தேன். "அண்ணை, அது இடியப்பத்துக்கு மேலை விடுறது," என்று ஜெசிந்தா சொன்னபோது தட்டில் இடியப்பம் இல்லை. உடனே இன்னும் ஆறு வைத்தார். மறுக்க வாய் வரவில்லை.

சாப்பிட்டபின் அவர் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து மண்டபம் ஒன்றில் அவருடைய படங்களின் கண்காட்சி. பன்னிரண்டு படம். பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவது சட்டம் காலியாக இருக்கிறது. சட்டம் போடுபவருக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் படம் வேண்டும். அந்தப் படம், மட்டிக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு. பச்சைப் பயறைவிடக் கொஞ்சம் பெரிது. சிப்பியைத் திறந்து சதையை எடுக்கும் பெண்கள் எப்போதாவது அதைக் காண்பார்கள். முட்டையோடு கிடைப்பது இன்னும் அபூர்வம்.

"மற்றப் பதினொண்டும் நான் தேடிப் பிடிச்சது அண்ணை. எறும்பு, நுளம்பு, சிலந்தி. இது அவையள் எனக்கெண்டு எடுத்துவைச்சுத் தந்தது. ஞாயிறு பூசை முடிய எல்லாரும் நேரை மண்டபத்துக்கு வருவினம். வந்தவைக்கு வெறுஞ் சுவரையே காட்டுறது?"

"பாத்துக்கலாமுங்க அம்மிணி," என்றேன். அவர் திகைத்து ரெஜியைப் பார்த்தார். எங்கள் ஊரில் நம்மைவிட இளைய பெண்ணை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். மறுநாள் காலைக்குள் அந்தத் தெரு முழுவதும் அவரை அம்மிணி என்றது.

புதன்கிழமை விடிந்ததும் அந்த அறைக்குள் போனேன். எட்டடிக்கு ஏழடி. கேமரா கீழே பார்த்தபடி நின்றது. அதன் மூக்கில் சாதாரண லென்சுக்குப் பதிலாக நுண்ணோக்கியில் இருந்து கழற்றிய சின்னக் கண்ணாடி. வெளிச்சம் கூசாமல் இருக்க யோகட் கப்பின் அடியை வெட்டிக் கண்ணாடியைச் சுற்றி மாட்டியிருந்தார். தூசியெடுக்க ஈர்க்கு நுனியில் ஒரே ஒரு கண்ணிமை முடி ஒட்டியிருந்தது. "ஆருடையதுங்க?" என்று கேட்டேன். "ரெஜியின்ரை. அவருக்குத்தான் நீளம்," என்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சுவரில் இருந்த ஒரு தாள். ஐஸ் லொறி வரும் நேரம், பள்ளிக்கூட பஸ் நேரம், பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் போடும் நேரம், கோயில் மணி, ரொட்டி விற்கும் பாண்காரரின் வண்டி. எந்த நேரத்தில் தரை நடுங்கும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நடுவில் பச்சை மையில் ஒரு கட்டம். காலை ஒன்பது நாற்பது முதல் பத்து இருபத்தைந்து வரை. ஒரு நாளில் அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் அவருக்குச் சொந்தம்.

நண்டு அசையாமலிருக்க அதைக் கடல் தண்ணீரோடு சின்னக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தை ஐஸ் மேல் வைப்பார். குளிரில் அது சோர்ந்து கிடக்கும். இருநூற்று நாற்பது படம், ஒன்றுக்குப் பத்து நொடி, மொத்தம் நாற்பது நிமிடம். படத்துக்குப் படம் ஆறு மைக்ரான் நகர வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று முறை இப்படி எடுத்து, மூன்று முறையும் முட்டைகளின் குறுக்கே மங்கல் பட்டை. நண்டுகளும் பிழைக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. "அம்மிணி! இருக்கிறியோ?"

மட்டி அள்ளும் பிலோமினா அக்கா. முழங்கால்வரை சேறு, கையில் ஜாம் போத்தல். போத்தலுக்குள் கடல் தண்ணீர். அடியில் மங்கலான வெள்ளையாய் ஒரு நண்டு, வயிற்றின் கீழ் மஞ்சள் மாவு பூசியது போல் முட்டை.

"இதுதான் கடைசி, பிள்ளை. மழை துவங்கிட்டுதெண்டால் நாங்கள் இறங்கமாட்டம்." பிறகு என்னைப் பார்த்தார். "உவர் ஆர், வாயில்லாத மனிசன்?"

"இந்தியாவிலை இருந்து மிசினைப் பார்க்க வந்தவர் அக்கா."

"நண்டு பார்க்க இந்தியாவிலை இருந்தோ? எங்கடை நண்டைப் பார்க்கிறதுக்கும் விசா குடுக்கினமோ!" அவர் சிரித்த சிரிப்பில் நான் கேமராவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

நண்டைப் போத்தலிலேயே விட்டு, முதலில் தண்டவாளத்தைச் சோதித்தேன். டயல் கேஜின் முனையைக் கேமராவில் முட்ட வைத்து, ஆறு மைக்ரான் நகர்த்தச் சொன்னேன். முள் அசையவில்லை. இன்னொரு முறை. அசையவில்லை. மூன்றாவது, நான்காவது முறையும் இல்லை. ஐந்தாவது முறை முப்பது மைக்ரான் ஒரேயடியாகத் துள்ளியது. விட்ட இடத்தில்தான் பட்டை விழுகிறது. ஜெசிந்தாவுக்குச் சொல்லாமலே புரிந்தது.  திருகு மோசமோ?

திருகைத் தொட்டேன். விரல் ஒட்டியது. பலாப்பிசின் போல இழுத்தது. முகர்ந்து பார்த்தேன். மீன் நாற்றம். நேற்று வந்தது முதல் அந்த வாசம் இருந்ததுதான். ஆனால் அந்தத் தெருவே மீன் வாசம் என்பதால் இயந்திரத்தை நான் சந்தேகப்படவில்லை.

"யாரோ எண்ணெய் போட்டிருக்காங்க, அது காஞ்சு பிசினாயிருச்சு," என்றேன்.

ஜெசிந்தா கதவைப் பார்த்தார். சவிரிமுத்து அங்கே நின்றிருந்தார்.

"மாமா, நீங்களோ?"

"சுறா எண்ணெய், பிள்ளை. கொஞ்சந்தான் பூசினனான்," என்றார் அவர். "உப்புக் காத்து. இரும்பைத் தின்னும். வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் நாங்கள் அதுதானே பூசுறது."

"மூண்டு நண்டு மாமா. நாலு மாசம். நான் என்ரை கை சரியில்லை எண்டு நினைச்சு அழுதனான். நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டியள்."

"எனக்கு உது தெரியாது, பிள்ளை..."

"என்ரை சாமான் ஒண்டையும் இனித் தொடாதையுங்கோ."

கிழவர் வெளியே போனார். அந்தக் கணத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி. குறை என் திருகில் இல்லை. அன்று மத்தியானம் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். கூழ் என்றதும் எங்கள் ஊர்க் கம்பங்கூழும் வெங்காயமும் என்று நினைத்தேன். நண்டும் இறாலும் மீனும் பயத்தங்காயும் மிதந்தன. மூக்கில் தண்ணீர் வழிய மூன்று கிண்ணம் குடித்தேன். கிழவர் வீட்டுக் கொல்லையில், பின்வளவில், தனியாகக் குடித்தார். அது என் கண்ணில் பட்டது. ஆனாலும் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் மண்ணெண்ணெய் விட்டுப் பிசினைக் கழுவினேன். ஓட்டம் இலகுவானது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இன்னும் லேசாகப் பிடித்தது. திருகின் மேல் ஓடும் பித்தளை மறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை நான் இறுக்கி ஏற்றியிருந்தேன். நல்ல இடுக்கி இல்லாமல் கழலாது. கரவெட்டியில் தன் கூட்டாளி குகனின் லேத் பட்டறை இருப்பதாகவும், இப்படிச் சின்ன வேலையென்றால் அவனிடம்தான் போக வேண்டும் என்றும் ரெஜி சொன்னார்.

வியாழன் காலை தண்டவாளத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நடத்துனர் அதை வாங்கி எஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டார். அது சுடும், அதிரும், இரண்டும் அதற்கு ஆகாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், என் இருக்கையை விட்டு, வழி முழுவதும் எஞ்சின் பக்கத்தில் குனிந்து அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பாட்டு அலறியது. ஒரு அம்மா இரக்கப்பட்டு, "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். துணிச் சுருள் பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. "இரும்புங்க," என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கரவெட்டி இருக்கும் வடமராட்சியின் மண்ணைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அதே சிவப்பு. ஆனால் எங்கள் ஊரில் ஆயிரம் அடி துளைத்தும் வராத தண்ணீர் இங்கே கிணற்றில் எட்டிப் பார்க்கிறது. வெங்காயப் பாத்திகளில் வாய்க்கால் ஓடியது. பனைமரங்கள் எண்ண முடியாதவை.

குகனின் பட்டறை ஒரு வீட்டின் பின்வளவில் இருந்தது. தகரக் கொட்டகை, ஒரு லேத், கழற்றிப் போட்ட தண்ணீர் மோட்டர்கள். வாசலில் நின்றதும் வெட்டெண்ணெயும் சூட்டு இரும்பும் கலந்த மணம் வந்தது. எனக்கு மூச்சு இலகுவானது. அவரும் அதிகம் பேசாதவர். தண்டவாளத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், இடுக்கியைத் துடைத்துத் தந்தார். தேத்தண்ணியும் ஒரு பனங்கட்டித் துண்டும் வந்தன. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியில் வளர்ந்த எனக்கு அது புதிதாக இல்லை.

மறை கழன்றது. குகன் திருகை வெளிச்சத்தில் பிடித்தார். "உந்தப் புரி நீங்கள் வெட்டினதோ?"

"ஆமாங்க."

"நல்ல கை." பிறகு நகத்தால் ஓரிடத்தைக் காட்டினார். "உங்கை பாருங்கோ."

மறை மூடியிருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, செந்துரு. புரியின் பள்ளத்தில் பொடியாகப் பூத்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும், கிழவர் துணியால் எண்ணெய் பூசிய இடமெல்லாம் நான் லேத்திலிருந்து எடுத்த அன்று மின்னியது போலவே மின்னியது.

"எண்ணெய் போகாத இடம்," என்றார் குகன். "சும்மா இரும்பிலையே செய்தனீங்கள்?"

"வெட்டச் சுலபமுங்க."

"கோயம்புத்தூரிலை கடல் இல்லையோ?"

"இல்லீங்க."

"அப்ப சரி," என்றார். 

நான் அந்தத் திருகைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடலோரத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினேன். உப்புக் காற்றை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. கிழவர் அந்த எண்ணெயைப் பூசாமல் விட்டிருந்தால் நான்கு மாதத்தில் முழுத் திருகும் துருப்பிடித்து இறுகியிருக்கும். என் குறையை அவர் தன் துணியால் துடைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு அவர் பின்வளவில் தனியாகக் கூழ் குடித்தார். நான் மூன்று கிண்ணமும் அதற்குமேல் ஒன்றும் குடித்தேன்.

மெருகு பசையைத் தடவி, மறையைக் கையாலேயே முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் துருவை எடுத்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. நான் களைத்தால் குகன் வாங்கிக்கொண்டார், அவர் களைத்தால் நான். கடைசியில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. டயல் கேஜை வைத்துப் பார்த்தோம். ஆறு. ஆறு. ஆறு. குகன் முதல்முறையாகச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று வாக்கியம்தான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. முற்றத்தில் சவிரிமுத்து போத்தல் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். கரைத் தண்ணீரில் எஞ்சின் எண்ணெய் மிதக்கும் என்று, தெரிந்தவரின் வள்ளத்தில் வெளியே போய் நல்ல தண்ணீர் அள்ளி வந்திருக்கிறார். காலையிலும் ஒருமுறை போனாராம். மருமகள் அவரோடு இன்னும் பேசவில்லை. 

சாப்பாட்டு நேரம் வந்தது. பாணும் மீன்குழம்பும். கிழவரின் கதிரை, அவர் உட்காரும் நாற்காலி, காலியாக இருந்தது. நான் பாணைக் கையில் வைத்தபடி இருந்தேன்.

"ஏன் அண்ணை, உறைப்போ?" என்றார் ஜெசிந்தா.

நான் எழுந்து போய், மறையைத் துடைத்த துணியை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். துணியில் செந்துருக் கறை. பக்கத்தில் தண்டவாளத்தை வைத்தேன்.

"இது என் தப்புங்க அம்மிணி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இது உப்புக் காத்துல துருப்பிடிக்கிற இரும்பு. நான் யோசிக்காம அனுப்பிட்டேன். ஐயா எண்ணெய் பூசின எடமெல்லாம் சுத்தமா இருக்குது. எண்ணெய் போகாத எடத்துலதான் துரு. அவரு பூசலைன்னா எல்லாமே போயிருக்குமுங்க. இத நேத்தே நான் கழட்டிப் பாத்துச் சொல்லியிருக்கோணும். என் மேல தப்பு இல்லைன்னு சந்தோசமா இருந்துட்டேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ரெஜி வாயில் பாணுடன் அப்படியே இருந்தார். ஜெசிந்தா கையைத் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, துணியையும் திருகையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் பாணும் குழம்பும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"மாமா, சாப்பிட வாங்கோ."

"நான் சாப்பிட்டன்."

"பொய். சட்டியிலை மீன் குறையேல்லை."

 பிறகு கிழவரின் குரல். "மிசின்காரத் தம்பி உள்ளை அழுகிறாரோ?"

"இல்லை மாமா. குழம்பு உறைப்பு."

அவர் வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார். ஊருக்குப் போனதும் துருப்பிடிக்காத எஃகில் வேறு திருகு செய்து அனுப்புவதாகச் சொன்னேன். அவர் என் பக்கம் மீன் சட்டியை நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே பிலோமினா அக்கா தெருவிலிருந்து வரும் சந்தின் முனையில் காவல் நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரை மறித்துவிட்டார்.

"உள்ளை என்ன, ஒப்பரேசனோ?" என்றார் அவர்.

"அதைவிடப் பெரிசு. நண்டுக்குப் படமெடுக்குது. உருட்டிக்கொண்டு போம்."

ஒன்பது நாற்பதுக்குக் கிண்ணம் ஐஸில் ஏறியது. நண்டு கால்களை ஒடுக்கிக்கொண்டது. ஜெசிந்தா அதை மெல்ல மல்லாத்தி, ரெஜியின் இமை முடியால் ஒரு துகளைத் தள்ளினார். அவர் மூச்சை அடக்கியபோது நானும் அடக்கினேன். முதல் வெளிச்சம் மின்னியது. பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மனிதர் நடந்தாலே அந்தத் தரை அறியும். கதவின் கீழ்ச் சந்தில் பத்து நொடிக்கொரு தரம் வெள்ளை வெளிச்சம் வந்து போனது. ரெஜி எண்ணினார். நூற்றுப் பத்தில் ஒரு நாய் குரைத்தது, எல்லோரும் அதை முறைத்தோம். இருநூற்று நாற்பது ஆனதும் கோயில் பக்கம் பார்த்து ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டார்.

நண்டு போத்தலுக்குத் திரும்பியது. கணினி அடுக்கத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் கழித்துப் படம் மேலிருந்து கீழாகத் திரையில் விரிந்தது. நான் அப்படி ஒன்றை எப்போதும் பார்த்ததில்லை. மஞ்சள் மாவு என்று நினைத்தது குலை குலையான கண்ணாடி உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குஞ்சு சுருண்டிருந்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டு கறுத்த கண். நூற்றுக்கணக்கான கண்கள், எல்லாம் தெளிவாக, எங்களைப் பார்த்தன. குறுக்கே ஒரு பட்டைகூட இல்லை.

பிலோமினா அக்கா திரையருகே குனிந்தார். "மாதாவே," என்றார். "நாங்கள் இதையோ இவ்வளவு நாளும் வழிச்சு எறிஞ்சது?" பிறகு விரலை வைத்தார். "உதென்ன, உதிலை நாலு கண்?"

 ஓரத்தில் ஒரு முட்டையில் கண்கள் இரட்டித்து, நடுவில் லேசான மங்கல். தண்டவாளம் துள்ளினால் அப்படித்தான் இரட்டிக்கும். நான் டயல் கேஜை எடுக்க எழுந்தேன்.

"இருங்கோ அண்ணை," என்று ஜெசிந்தா ஒவ்வொரு படமாகப் புரட்டினார். நூற்று முப்பத்தொன்றில் அந்தக் குஞ்சின் கண்கள் ஒரு பக்கம் இருந்தன. நூற்று முப்பத்திரண்டில் வேறு பக்கம். பக்கத்து முட்டைகள் ஒன்றும் அசையவில்லை. தண்டவாளம் துள்ளியிருந்தால் எல்லாமே சேர்ந்து அசைந்திருக்கும்.

"மிசின் இல்லை அண்ணை. குஞ்சுதான் திரும்பியிருக்கு."

சவிரிமுத்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "உது பொரிக்கப் போகுது, பிள்ளை. கெதியாக் கடலிலை விடவேணும்."

"உதை மட்டும் திருத்திவிடலாம்," என்றார் ஜெசிந்தா யோசித்தபடி. "ஒரு படத்தை மட்டும் எடுத்து மேலை ஒட்டினால் ரண்டு கண்ணாயிடும்." கலியாணப் படங்களில் அது அவருக்குத் தினசரி வேலை. படம் திருத்தும் கணினிப் பேனாவை எடுத்தார், வைத்தார். "கிடக்கட்டும்," என்றார்.

ரெஜி படத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகத் தயாரானார். கிழவர் போத்தலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டி அவர் பின்னால் இறங்கினேன். சேறு குளிர்ந்தது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தெளிந்து, அரை முழ ஆழத்தில் மட்டிகள் பாதி புதைந்து வாய் திறந்து கிடந்தன. கிழவர் போத்தலை நீருக்குள் சரித்தார். நண்டு மிதந்து இறங்கி, ஒரு மட்டியின் ஓரத்தில் நின்றது. ஐஸின் சோர்வு இன்னும் போகவில்லை.

"அசையாதையும் தம்பி," என்றார் கிழவர். "நிழல் பட்டால் மட்டி மூடிடும்."

நாங்கள் குனிந்தபடியே நின்றோம். முதுகில் வெயில். கரையில் ரெஜி ஓட்டோவின் ஹோர்னை இரண்டு முறை அடித்தார். வருகிறீர்களா என்று கேட்கிறார் போலும். கிழவர் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. தண்ணீர் மட்டியின் வாயில் உள்ளே போய் வந்தது.

பிறகு நண்டு ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தது.